தம்பதியர் கேரம்

என் கணவருக்குப் பெரம்பலூரில் உரக்கடை. விதையும் பூச்சிமருந்தும் உண்டு. பொழுது சாயும் நேரத்தில் கல்லாவைப் பூட்டி, கடையாளிடம் ஷட்டரை இறக்கச் சொல்லிவிட்டு மன்றத்துக்குப் போய்விடுவார். மன்றம் என்பது ஒரு பாத்திரக்கடையின் மாடி. நீளமான கூடம், இரண்டு கேரம் போர்டுகள், ஒரு செஸ் மேசை, பலகை வைத்துத் தடுத்த உள்ளறையில் சீட்டாட்டம். ஊரில் கடை வைத்திருப்பவர்கள், வக்கீல்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மாடி ஜன்னலைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறேனே தவிர, ரொம்ப நாள்வரை படியேறியதில்லை. நான் மட்டுமில்லை, எந்த வீட்டுப் பெண்ணும் ஏறியதில்லை.

அங்கே அவர் பெரிய ஆட்டக்காரர். காயை அடிக்கவே மாட்டார், தொட்டு அனுப்புவார். போன இடம் தெரியாமல் அது குழிக்குள் இறங்கும். மன்றத்தில் அவருக்குப் 'பஞ்சுக் கை' என்றே பெயர். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அன்றைக்கு யாரை ஜெயித்தார், எந்தக் காயை எப்படிப் போட்டார் என்று தட்டின் ஓரத்தில் விரலால் வரைந்து காட்டுவார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். உண்மையிலேயே ஆசையாகத்தான் கேட்பேன். எனக்கு அந்த ஆட்டம் தெரியும் என்பதால் அவர் வரைந்த கோடுகள் எல்லாம் எனக்குப் புரியும்.

கீழப்பழுவூரில் எங்கள் வீட்டில் என் அண்ணன்களுக்காக அப்பா ஒரு போர்டு வாங்கியிருந்தார். அவர்கள் ஆடும்போது ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். பிறகு அவர்கள் வேலைக்கென்று போய்விட, போர்டு எனக்கு வந்தது. நானே வெள்ளைக்கும் நானே கருப்புக்கும் ஆடுவேன். திருச்சியில் கல்லூரி விடுதியில் ஏலாக்குறிச்சிக்காரி ஒருத்தி என் அறையில் இருந்தாள். ஆட்டத்தில் எனக்கு ஜோடி அவள்தான். இரட்டையர் ஆட்டத்தில் ஜோடிகள் எதிரெதிரே உட்கார வேண்டும், ஆட்டம் முடியும்வரை ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. எங்களுக்குப் பேச்சு தேவைப்படவும் இல்லை. நான் எந்தக் காயை விட்டுவைக்கிறேன் என்று பார்த்தே அவளுக்கு என் மனது தெரிந்துவிடும். விடுதியில் எங்களை யாரும் ஜெயித்ததில்லை.

கல்யாணமான புதிதில் இதை அவரிடம் சொன்னேன். "அப்படியா?" என்றார். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் மன்றத்தின் ஆண்டு விழாவுக்குக் குடும்பங்களையும் அழைப்பது என்று முடிவு செய்தார்கள். எல்லார் வீட்டிலும் புகைச்சல் இருந்திருக்க வேண்டும், சாயங்காலமானால் ஆம்பிளைகள் காணாமல் போகிறார்கள் என்று. அந்தப் புகைச்சலுக்கு மருந்தாகத் தம்பதியர் கேரம் என்று ஒரு போட்டியும் வைத்தார்கள். அவர் எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்து சொன்னார்.

"ஞாயித்துக்கெழம சாயந்தரம். நல்ல சேலையா எடுத்து வெச்சுக்க."

"நான் ஆடணுமா?"

"சும்மா எதிர்ல உக்காந்தா போதும். நான் பாத்துக்கறேன். நீ காயக் கலைச்சு வுடாம இரு, அது போதும்."

"எனக்கு ஆடத் தெரியுங்க."

"ஆஸ்டல்ல ஆடுறதும் மன்றத்துல ஆடுறதும் ஒண்ணாம்மா?"

ஒரு போர்டு வாங்கிவந்து வீட்டுக் கூடத்தில் போட்டு, அந்த வாரம் தினமும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஸ்ட்ரைக்கரை எப்படி வைப்பது, நடுவிரலை எப்படி மடக்குவது, பவுடரை எவ்வளவு தூவுவது. நான் அவர் சொன்னபடி விரலை வைத்தேன். பிறகு என் வழக்கப்படி அடித்தேன். காய் விழுந்தது. அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பரவால்லியே, சொல்லிக்குடுத்தா டக்குனு புடிச்சுக்கறியே" என்றார். அந்த வாரம் நாங்கள் நிறையச் சிரித்தோம். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பொருள் இருந்து, அதை இருவரும் ஒரே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வாரம்தான். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த வாரம் பொய்யில்லை என்பதுதான் எரிச்சல்.

ஞாயிறு மாலை படியேறினோம். உள்ளறைச் சீட்டாட்டத்தைப் பெண்கள் பார்க்கக் கூடாதென்று வாசலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். சிகரெட் வாடைக்கு மேல் யாரோ ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பட்டுச்சேலையோடு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், பெண் பார்க்கப் போன வீட்டில் உட்கார்ந்த மாதிரி. போண்டாவும் டீயும் வந்தன. ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் நடுவர். அவர் விதிகளை உரக்க வாசித்தார். மூன்று போர்டில் இரண்டு எடுத்தால் வெற்றி, ஜோடிகள் பேசக் கூடாது, சைகை கூடாது. "வூட்ல பேசறதெல்லாம் வூட்லயே பேசி முடிச்சிட்டு வந்திருப்பீங்க" என்று அவர் சொல்ல, கூடம் சிரித்தது.

முதல் ஆட்டம் ஒரு ஜவுளிக்கடைக்காரரோடு. அவர் மனைவிக்கு ஸ்ட்ரைக்கர் கையிலேயே நிற்கவில்லை, பாவம். எளிதாக ஜெயித்தோம். நான் நான்கைந்து காய் போட்டிருப்பேன். எழுந்தபோது என் கணவர் சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார்: "எல்லாம் நம்ம ட்ரெயினிங். ஒரு வாரந்தான் சொல்லிக்குடுத்தேன்." எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். எனக்கு அது தவறாகவே தோன்றவில்லை. நல்லது, சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இரண்டாவது ஆட்டம் ஒரு வங்கி அதிகாரியோடும் அவர் மனைவியோடும். அதில் ஒரு போர்டில் எனக்குக் கை ஓடிவிட்டது. கேரம் ஆடுகிறவர்களுக்கு இது தெரியும். சில நேரம் போர்டு முழுக்கத் திறந்துகொண்டு, எந்தக் காயைப் பார்த்தாலும் அதற்கான பாதை தெரியும். ஒன்று விழுந்தால் அடுத்தது. அது விழுந்தால் அதற்கடுத்தது. பேச்சுச் சத்தம் அடங்கியது எனக்குத் தெரிந்தது. நாற்காலியில் இருந்த பெண்கள் எழுந்து வந்து நின்றார்கள். சிவப்பையும் போட்டு, அதன் பின்னால் போட வேண்டிய காயையும் போட்டு, ஒரே கையில் போர்டை முடித்தேன். என் கணவருக்கு அந்தப் போர்டில் ஸ்ட்ரைக்கரைத் தொடும் வேலையே வரவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் மன்றத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், வக்கீல், சொன்னார்: "ஏந்தம்பி, வூட்டுல இப்படி ஒரு ஆள வெச்சுக்கிட்டா இத்தன வருசமா இங்க வந்து எங்ககூட மல்லுக்கட்டிட்டு இருந்த?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மற்றவர்கள் சிரிப்பை நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் நிறுத்திவிட்டார்.

"சொல்லிக்குடுத்தது நாந்தானேண்ணே" என்றார். அந்த முறை யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு எதிராளிகள் ஓர் அரியலூர்த் தம்பதி. அந்தக் கணவர் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓட்டுகிற முதலாளி, என் கணவருக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர், 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். என்னைத் தங்கச்சி என்பார். கனத்த உடம்பு, கனத்த குரல். அவர் மனைவி சன்னமான ஆள். ஆட்டம் முழுக்கத் தன் தவறுகளுக்குத் தானே வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். "அய்யோ, மறுபடியும் வுட்டுட்டேனே" என்பார். கணவர் "இதையும் கட்டிக்கிட்டு ஆட வேண்டியிருக்கு" என்று கூட்டத்தைப் பார்ப்பார். கூட்டம் ரசிக்கும்.

முதல் போர்டை எடுத்தோம். பெரும்பாலும் நான்தான் போட்டேன். லாரிக்காரர் உரக்கச் சொன்னார்: "மாப்ள, நீ எந்திரிச்சுப் போயி ஒரு டீ குடிச்சிட்டு வாயேன். தங்கச்சியே ரெண்டு பக்கமும் உக்காந்து ஆடிரும் போலருக்கு."

என் கணவர் தலை நிமிரவில்லை. பவுடரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன. எதிரே உட்கார்ந்திருப்பதால் ஒருவர் முகத்தை இவ்வளவு நேரம் இவ்வளவு கிட்டத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. கல்யாணமான இத்தனை ஆண்டுகளில் நான் அவரை அப்படி நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததே கிடையாது.

இரண்டாவது போர்டை அவர்கள் எடுத்தார்கள். என் கணவர் வழக்கமாக விடாத காய்களை விட்டார். கூட்டத்தின் பேச்சில் கவனம் சிதறுகிறது என்றுதான் நினைத்தேன். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஒன்றும் ஆகாது என்று சொல்ல நினைத்தேன். பேசக் கூடாது.

மூன்றாவது போர்டு. நெருக்கமாகப் போனது. சிவப்பை நான் எடுத்தேன். கடைசியில் எங்களுக்கு ஒரே ஒரு வெள்ளை, அவர்களுக்கு இரண்டு கருப்பு. என் முறை வந்தபோது அந்த வெள்ளை என் பக்கத்துக் கோட்டுக்குக் கீழே, என் மடிக்கு அருகில் கிடந்தது. அங்கிருந்து என்னால் அதை நேராக அடிக்க முடியாது. எதிர்ப்பக்கத்து மரச் சட்டத்தில் ஸ்ட்ரைக்கரை மோதித் திருப்பிக் கொண்டுவந்துதான் தொட முடியும். போட முயன்றிருக்கலாம். விழுந்தாலும் விழுந்திருக்கும். ஆனால் எனக்குத் தோன்றியது வேறு. அவரும் ஒரு நல்ல காய் போட வேண்டும், கடைசிக் காய் அவருடையதாக இருக்க வேண்டும், கூட்டம் அவருக்குக் கைதட்ட வேண்டும். ஸ்ட்ரைக்கரை எதிர்ச் சட்டத்தில் மெதுவாக மோதவிட்டேன். அது திரும்பி வந்து காயைத் தொட, காய் நகர்ந்து நகர்ந்து என் இடதுகைப் பக்கக் குழியின் வாயில் வந்து நின்றது. எதிரே இருக்கும் அவருக்கு அது நேர்க்கோடு. ஊதினால் விழும். ஏலாக்குறிச்சிக்காரியாக இருந்தால் அந்தக் காயைப் பார்த்ததும் சிரித்திருப்பாள்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எதற்காக அதை அங்கே வைத்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையில் புரிந்தது.

இடையில் லாரிக்காரரின் மனைவி ஆட வேண்டும். குழிக்குப் பக்கத்திலேயே ஒரு கருப்பு இருந்தது. அதைத் தவறவிட்டுவிட்டு, "அய்யோ" என்று வாயைப் பொத்தினார்.

என் கணவர் ஸ்ட்ரைக்கரை வைத்தார். இத்தனை ஆண்டுகள் தட்டின் ஓரத்தில் வரைந்து காட்டிய அந்த விரல், பஞ்சுக் கை என்று பெயர் வாங்கிய விரல், அன்றைக்கு அப்படி ஒரு அடி அடித்தது. படாரென்ற சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். காய் குழிக்குள் போனது. அதன் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் போனது.

மன்றத்து விதிப்படி ஸ்ட்ரைக்கர் விழுந்தால் தவறு, முறையும் போய்விடும். போட்ட காய் திரும்பி வரும், தண்டமாக இன்னொரு காயும் வரும். முடிந்துபோன இடத்தில் மறுபடியும் எங்களுக்கு இரண்டு வெள்ளை. நடுவர் அவற்றை எடுத்துக் கொடுக்க, லாரிக்காரர் நடுவில் வைத்தார். பிறகு தன்னுடைய இரண்டு கருப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். ஆட்டம் முடிந்தது.

"ச்சே, பவுடர் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார் என் கணவர். எழுந்து லாரிக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டாவது ஆட்டத்துக்குப் பிறகு அப்போதுதான் முதல்முறையாக அவர் முகம் இளகியிருந்தது. "வுடு மாப்ள, ஆட்டம்னா அப்படித்தான்" என்று அவர் முதுகில் தட்டினார்கள். வக்கீலும் வந்து தட்டினார். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் பழையபடி ஆகிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் தீர்ந்தது போலிருந்தது.

நான் கை கழுவப் பின்பக்கத்துக் குழாய்க்குப் போனேன். பவுடர் விரல் இடுக்கில் எல்லாம் ஒட்டியிருந்தது. லாரிக்காரரின் மனைவியும் வந்தார். குழாயைத் திறந்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"வருத்தப்படாதீங்கக்கா. அவரு வேணும்னுதான் உள்ள வுட்டாரு. எங்க வூட்டுக்காரருக்கும் தெரியும். அங்க நின்ன அத்தன பேருக்கும் தெரியும்."

நான் விரல் இடுக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

"நீங்க எதுக்குக்கா அத்தனக் காயப் போட்டீங்க? நான் வுட்டதப் பாத்தீங்கல்ல, குழியோரம் இருந்துச்சே அந்தக் கருப்பு? அது எனக்குக் கண்ண மூடிக்கிட்டே விழும். கடைசிக் காயி எப்பவும் அவருக்குன்னு வுட்ருவேன். தோத்தாக்கூடப் பரவால்ல. நான் போட்டு ஜெயிச்சா அதவிட ரோதன."

"நீங்க நல்லா ஆடுவீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க பெரியப்பா வூட்டுல அஞ்சு பேரு பொண்ணுங்க, ஒரே போர்டு. அப்புறம் ஆடாம இருப்பமா?" முந்தானையில் கையைத் துடைத்தார். சிரித்தார். உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாரே, அது வேறு சிரிப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. "பழகிக்குங்கக்கா. நம்ம பாக்காத ஆட்டமா?"

அவர் நல்லதைத்தான் சொன்னார், தங்கை அக்காவுக்குச் சொல்கிற மாதிரி. ஆனால் அன்று மாலை நடந்ததில் எனக்குச் சகிக்க முடியாமல் போனது அந்த ஆறுதல்தான். எத்தனை வீட்டில் எத்தனை பேர் குழியோரத்துக் காயை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள் என்று நினைத்தபடி அந்தத் தண்ணீரிலேயே முகத்தையும் கழுவிக்கொண்டேன்.

ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. எங்களுக்கு ஹாட்பாக்ஸ். மேடையில் அதை என் கையில்தான் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் வந்தோம். ஹாட்பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் மக்காச்சோள விலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன்.

"வேணும்னு வுட்டீங்களா?"

"என்னது?"

"ஸ்ட்ரைக்கர."

"கிறுக்கா ஒனக்கு? எவனாச்சும் வேணும்னு தோப்பானா? பவுடரு ஜாஸ்தி."

"பவுடரு ஜாஸ்தின்னா மெதுவாத்தானே அடிப்பாங்க."

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். திரும்பி நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஒரு வாரம் கத்துக்கிட்டு வந்து எனக்கே சொல்லிக்குடுக்கறியா?"

அப்போதும், நான் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டவள் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அப்படிச் சொன்னார். அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? இரவுக்குச் சாப்பாடு வைத்தேன். சாப்பிட்டார். தட்டின் ஓரத்தில் எதையும் வரைந்து காட்டவில்லை. மறுநாள் வீட்டிலிருந்த போர்டைக் கடைக்கு எடுத்துப் போனார். மத்தியானத்தில் கடையாட்கள் ஆடட்டும் என்றார்.

அது அத்தோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். மறக்கிற மாதிரியாவது இருந்திருப்பேன்.

சில மாதங்கள் கழித்து, கீழப்பழுவூரில் என் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆண்கள் பந்தலில் பாய் விரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வெற்றிலைத் தட்டோடு போனேன். பேச்சு மன்றத்தைப் பற்றித்தான். என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பைனல் மச்சான். கப்பு கைக்கு வந்தாச்சு. ஒரே ஒரு காயி, குழி வாயிலயே நிக்குது. சின்னப் புள்ள போட்டாக்கூட விழுந்துரும். ஒங்க தங்கச்சி அடிச்சாளே ஒரு அடி! காயும் போச்சு, ஸ்ட்ரைக்கரும் போச்சு, கப்பும் போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் வெற்றிலைத் தட்டைக் கீழே வைக்காமலே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். தடுமாறவே இல்லை. கதையை அப்படி எத்தனை பேரிடம் சொல்லியிருந்தாரோ, அவருக்கே அதுதான் நடந்தது என்று ஆகியிருக்கலாம்.

"நான் அடிக்கல" என்றேன். "நீங்கதான் அடிச்சீங்க. வேணும்னு அடிச்சீங்க."

முன்னைவிடப் பெரிய சிரிப்பு எழுந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டை என்று ரசித்தார்கள். "வுடாத, வுடாத, நல்லாக் கேளு" என்றார் ஒருவர். என் அண்ணன், என்னோடு ஒரே போர்டில் ஆடிய அண்ணன், ஆள் குறையும்போது என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து என்னிடம் எத்தனையோ முறை தோற்ற அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இவ சின்னதுலேர்ந்தே அவசரக்காரி மாப்ள. பொறுமயா ஒரு காயி போட மாட்டா."

தட்டை அவர்கள் நடுவில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அண்ணி பாத்திரம் கழுவ ஆளில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து கழுவினேன். உண்மையைச் சொன்னால் சண்டை வரும் என்றுதான் அதுவரை பயந்திருந்தேன். சிரிப்பார்கள் என்று நினைக்கவில்லை.

அடுத்த ஆண்டு விழாவில் தம்பதியர் கேரம் இல்லை. பெண்களுக்குக் கோலப்போட்டியும் இசை நாற்காலியும் வைத்தார்கள், அதுவும் கீழே பாத்திரக்கடை வாசலிலேயே. மாடிக்கு யாரும் ஏற வேண்டியிருக்கவில்லை. அந்தக் கமிட்டியில் என் கணவரும் இருந்தார். "லேடீஸ் எல்லாம் இதுதான் வேணும்னு கேட்டாங்க" என்றார். எந்த லேடீஸ் என்று நான் கேட்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். குரும்பலூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் கோலத்தில் பரிசு வாங்கி வந்தார். அவர் அதை என்னிடம் காட்டியபோது நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர் வேலை. கொஞ்ச காலத்தில் அரியலூருக்கு மாறுதல் வந்தது. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வழியெல்லாம் லாரிகள், சாலையோரத்து மரங்களில் வெள்ளைத் தூசி. அங்கே ஊழியர்களுக்கான விளையாட்டுப் போட்டி என்று சுற்றறிக்கை வந்தபோது, மகளிர் கேரம், தனிநபர் என்றிருந்தது. பெயர் கொடுத்தேன். தனிநபர் என்பதால்தான் கொடுத்தேன். அவரிடம் சொன்னேன்.

"போயேன். யாரு வேணாங்கறா?" என்றார்.

பழக போர்டு இல்லை. கடையில் இருந்ததைக் கேட்டு வாங்க எனக்கு மனமில்லை. மத்தியானம் சாப்பிட்ட பிறகு அலுவலக மேசைமேல் தண்ணீர் பாட்டில் மூடியை வைத்து விரலால் சுண்டிப் பார்ப்பேன். பக்கத்து மேசைக்காரி, "என்னக்கா, கை மரத்துப்போச்சா?" என்று கேட்டாள்.

போட்டிக்குப் போனேன். முதல் சுற்றிலேயே ஒரு நர்ஸ் பெண்ணிடம் தோற்றேன். அந்தப் பெண் நன்றாக ஆடினாள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாதைகள் எல்லாம் எனக்குத் தெரிந்தன. எந்தக் காய் எங்கே போக வேண்டும் என்று பழையபடியே தெரிந்தது. விரல்தான் கேட்கவில்லை. ஒரு நூல் தள்ளித் தள்ளியே எல்லாம் போனது. ஆட்டம் முடிந்ததும் அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, "நீங்க நல்லா ஆடுவீங்கன்னு தெரியுதுங்க மேடம், டச் போயிருக்கு" என்றாள். அவளோடு இன்னொரு ஆட்டம் ஆட வேண்டும் போலிருந்தது. அடுத்த சுற்றுக்கு அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பெரம்பலூர் வந்து சேர்ந்தேன். அவர் அன்று மன்றத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். எனக்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"என்னாச்சு?"

"மொத ரவுண்டுலயே தோத்துட்டேன்."

அவர் என் கையிலிருந்த பையை வாங்கி ஆணியில் மாட்டினார். ஃபேனைப் போட்டார்.

"வுடும்மா. இதுக்கெல்லாமா மொகம் வாடறது? டச் இல்லாம போயி ஆடுனா யாருக்கும் அப்படித்தான். ஒக்காரு, ஒக்காரு."

சமையலறைக்குள் போனார். இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது. இஞ்சி எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக எனக்காக ஒரு டீ போட்டு, டம்ளரைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். எதிரே உட்கார்ந்துகொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து போர்டை எடுத்து வருவதாகச் சொன்னார். "மொதல்லேர்ந்து நான் சொல்லித்தரேன்" என்றார். அவர் குரலில் அவ்வளவு அன்பு இருந்தது. நடிப்பில்லை. இத்தனை வாரங்களில், வருடங்களில், எங்கேயோ எனக்காக அந்த அன்பு இருந்திருக்கிறது. நான் தோற்றுவிட்டு வர வேண்டும் என்று காத்திருந்திருக்கிறது.

டீயில் சர்க்கரை சரியாக இருந்தது. குடித்தேன்.